டெண்டர் போடும் முன்: பெயர், கோடு, டோக்கன்

தர்மபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் பீரோ, ஸ்டீல் மேசை, பள்ளி பெஞ்ச் செய்யும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். வெல்டிங் மெஷின் இரண்டு, ஷீட் வளைக்க ஒரு பிரஸ், பெயின்ட் அடிக்க ஒரு ஷெட், ஐந்தாறு ஆட்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓர் அரசு அலுவலகம் நூறு பெஞ்சுக்கு டெண்டர் விட்டால், இந்தப் பட்டறையின் விலைக் கவரைத் திறக்கவே மாட்டார்கள். அதற்கு முந்தைய தொழில்நுட்பக் கவரிலேயே வெளியே போய்விடும். இரண்டு சான்றிதழ்களில் பெயர் வேறு வேறாக இருக்கும், அல்லது உத்யம் எனும் சிறு தொழில் பதிவில் தொழிலின் கோடு, அதாவது வகை எண், தப்பாக இருக்கும், அல்லது டிஜிட்டல் கையெழுத்து உள்ள டோக்கன் காலாவதியாகியிருக்கும். மூன்றையும் முன்கூட்டியே சரிசெய்ய முடியும். ஆனால் எதை முதலில் செய்வது என்ற வரிசை மாறினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

முதலில் பெயர். நம் ஊரில் பெயர்க் குழப்பத்துக்கு மூல காரணம் இனிஷியல். ஆதாரில் 'முருகேசன் ஆர்' என்று இருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து 'ராமசாமி முருகேசன்' ஆகியிருக்கும். பாஸ்புக்கில் 'ஆர்.முருகேசன்'. ஓசூர், தளி பக்கம் போனால் கன்னட, தெலுங்கு உச்சரிப்புப்படி எழுதிய ஸ்பெல்லிங் இன்னொன்று சேர்ந்துகொள்ளும். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று புரியும், கம்ப்யூட்டருக்குப் புரியாது. உத்யம் தளம் ஆதார், பான் இரண்டையும் சரிபார்க்கிறது. ஜிஎஸ்டி, பானில் உள்ள பெயரை அப்படியே எடுத்துக்கொள்கிறது. மத்திய அரசின் கொள்முதல் தளமான ஜெம் வங்கிக் கணக்கையும் சோதிக்கிறது. அதனால் எந்த விண்ணப்பத்தையும் தொடும் முன் ஆதாரையும் பானையும் ஒரே எழுத்துக்கு கொண்டுவந்துவிடுங்கள். இதற்குச் சில வாரங்கள் போகும், போகட்டும்.

தனிநபர் உரிமையில் நடக்கும் பட்டறைக்குத் தனி பான் கிடையாது. சட்டப்படியான பெயர் உரிமையாளருடையது, பட்டறையின் பெயர் வணிகப் பெயர் மட்டுமே. அந்த வணிகப் பெயரை ஒரு வெள்ளைத்தாளில் ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே அடியுங்கள். உத்யமில் 'ஸ்டீல் வொர்க்ஸ்', ஜிஎஸ்டியில் 'ஸ்டீல் இண்டஸ்ட்ரீஸ்', லெட்டர்பேடில் 'ஸ்டீல் ஃபர்னிச்சர்' என்று இருந்தால், டெண்டர் ஆய்வுக் குழுவின் பார்வையில் அவை மூன்று நிறுவனங்கள்.

முகவரியிலும் இந்தப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முந்தைய பத்திரங்களில் ஓசூரும் ஊத்தங்கரையும் தர்மபுரி மாவட்டம் என்றே இருக்கும். பின்கோடும் குழப்பும். காரிமங்கலம், மொரப்பூர் எல்லாம் தர்மபுரி மாவட்டம்தான், ஆனால் பின்கோடு கிருஷ்ணகிரியைப் போல 635-இல் தொடங்கும். படிவம் நிரப்புகிறவர் அதைப் பார்த்து மாவட்டத்தைக் கிருஷ்ணகிரி என்று தேர்வு செய்துவிட்டால், உத்யம் ஒரு மாவட்டத்திலும் ஜிஎஸ்டி இன்னொரு மாவட்டத்திலும் நிற்கும். அடுத்தது கரண்ட் பில். தாத்தா காலமாகி ஆண்டுகள் ஆகியும் இணைப்பு அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஜிஎஸ்டிக்கு இட ஆதாரமாக அந்த பில்லைக் கொடுத்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். இணைப்பைப் பெயர் மாற்றுங்கள், இல்லையென்றால் சொத்து வரி ரசீதைப் பயன்படுத்துங்கள். இடம் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் அவருடைய ஒப்புதல் கடிதத்தையும் சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் உத்யம். 2020 ஜூலை 1 முதல் சிறு தொழில்களுக்கான பதிவு இதுதான். கட்டணம் இல்லை, காகிதம் எதுவும் ஏற்ற வேண்டியதில்லை, ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு வரும் ஓடிபி போதும். கூகுளில் தேடினால் அரசு தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் வரும். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துள்ளன. இயந்திர முதலீடு 2.5 கோடிக்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு நிறுவனம். நம் பக்கத்துப் பட்டறைகளில் அநேகமாக எல்லாமே குறு நிறுவனத்துக்குள் அடங்கிவிடும்.

உத்யமில் கவனம் வைக்க வேண்டிய இடம் தொழில் வகைக் கோடு. ஐந்து இலக்கம். முதல் இரண்டு இலக்கம் துறையைச் சொல்லும். 10 உணவுப் பொருள் உற்பத்தி, 14 ஆயத்த ஆடை, 31 மேசை நாற்காலி உற்பத்தி, 41 முதல் 43 வரை கட்டுமானம், 80 பாதுகாப்புப் பணி, 81 கட்டடத் தூய்மை போன்ற சேவைகள். 46 மொத்த வியாபாரம், 47 சில்லறை. பட்டறைக்கு முன்னால் ஒரு ஷோரூம் இருக்கிறது என்பதற்காக 47-ஐ மட்டும் போட்டால், பெஞ்சை நீங்களே செய்தாலும் காகிதத்தில் நீங்கள் வியாபாரி. 2021 ஜூலையில் வியாபாரிகளையும் உத்யமில் சேர்த்தார்கள், ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். மத்திய அரசின் கொள்முதல் சலுகை அவர்களுக்குக் கிடையாது. 31-இல் உங்களுக்குப் பொருந்தும் கோட்டைப் போடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகளைச் சேர்க்கலாம், பின்னால் திருத்தவும் முடியும். ஆனால் டெண்டர் கடைசித் தேதிக்கு முந்தைய நாள் திருத்திய சான்றிதழைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

அந்தச் சலுகை என்ன என்பதிலும் தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. 2012-ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை மத்திய அமைச்சகங்களையும் மத்திய பொதுத்துறை நிறுவனங்களையும் கட்டுப்படுத்துவது. அவர்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடி உரிமையாளர்களுக்கு, 3 சதவீதம் பெண்களுக்கு. டெண்டர் படிவம் இலவசம், இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை கிடையாது. 358 பொருட்களைக் குறு, சிறு நிறுவனங்களிடமே வாங்க வேண்டும். '15 சதவீத விலைச் சலுகை' என்று பலர் சொல்வது உண்மையில் கூடுதல் விலை அல்ல. பெரிய நிறுவனம் ஒன்று 1,00,000 ரூபாய்க்கு எல்-1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலைக்காரராக வந்திருக்க, நீங்கள் 1,15,000-க்குள் போட்டிருந்தால், அதே 1,00,000-க்கு இறங்கி வரச் சம்மதமா என்று கேட்பார்கள். சம்மதித்தால் ஒரு பங்கு ஆர்டர் கிடைக்கும். அந்த விலையில் உங்களுக்குக் கட்டுமா என்பதை முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். பெஞ்ச் ஒன்றுக்கு டியூப், பிளைவுட், பவுடர் கோட்டிங், கூலி, கரண்ட், லாரி வாடகை, இறக்குக் கூலி என்று எழுதிப் பார்க்காமல் விலை போடுகிறவர்கள் ஆர்டரை ஜெயித்துப் பணத்தைத் தோற்கிறார்கள்.

கட்டட வேலை, ரோடு வேலை போன்ற ஒப்பந்தங்களுக்கு இந்தக் கொள்கை பொருந்தாது. மாநில அரசு அலுவலகங்களும் இதற்குள் வராது. அவற்றுக்கு 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் விதிகளும்தான். அங்கே இ.எம்.டி. விலக்கு உண்டா, எந்தச் சான்றிதழுக்கு உண்டு என்பதை அந்தந்த டெண்டர் ஆவணத்தில் பாருங்கள். விலக்கு கேட்டால், வாங்கப்படும் பொருளின் பெயர் உங்கள் சான்றிதழில் இருக்கிறதா என்பதுதான் கேள்வியாக இருக்கும்.

மனைவி பெயரில் பதிந்தால் பெண்கள் ஒதுக்கீடு கிடைக்கும் என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டோக்கன், கையெழுத்து, ஜிஎஸ்டி நோட்டீஸ், வருமான வரி எல்லாமே அவர் பெயரில்தான் வரும். அவருக்குத் தெரியாமல் நடத்தக்கூடிய விஷயம் அல்ல இது.

ஜிஎஸ்டிக்கு வருவோம். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் என்றால் பதிவு கட்டாயமில்லை, சேவைக்கு 20 லட்சம். ஆனாலும் டெண்டரில் ஜிஎஸ்டி எண் கேட்பார்கள், தாமாகவே முன்வந்து பதிவதில் தடையில்லை. ஓசூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகத்துக்குப் பொருள் அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை. 40 லட்ச வரம்பு அங்கே செல்லாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லும் அப்படித்தான். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் வேண்டும், எல்லை தாண்டினால் 50,000-க்கு மேல் போனாலே வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர் பில்லில் வரி வசூலிக்க முடியாது. விலைப் பட்டியலில் 18 சதவீதம் என்று நிரப்பிவிட்டால் பின்னால் பில் போடும்போது மாட்டிக்கொள்வார். டெண்டர்தான் குறி என்றால் ஆடிட்டரிடம் பேசிச் சாதாரணத் திட்டத்துக்கு மாறுவது மேல்.

ஜிஎஸ்டி எண் வந்ததும் பட்டறைப் பெயரில் கரண்ட் அக்கவுன்ட் திறந்து, அந்தக் கணக்கை 30 நாளுக்குள் ஜிஎஸ்டி தளத்தில் சேர்க்க வேண்டும். முதல் ஜிஎஸ்டிஆர்-1 எனும் விற்பனைக் கணக்கை அதற்கு முன்பே போடுவதாக இருந்தால் அதற்கும் முன்பு. இதை மறந்து பதிவு முடங்குவது சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது டிஜிட்டல் கையெழுத்து. கிளாஸ்-3 மட்டும்தான் இப்போது கிடைக்கிறது, கிளாஸ்-2 2021 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. யூஎஸ்பி டோக்கனில் தருவார்கள். கையெழுத்து, என்கிரிப்ஷன் இரண்டும் சேர்ந்ததாக வாங்குங்கள், சில தளங்கள் இரண்டையும் கேட்கும். தப்பான ரகசிய எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். காலாவதித் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். புதுப்பித்தால் புதிய சான்றிதழை மறுபடியும் தளத்தில் இணைக்க வேண்டும், அதைக் கடைசி நாளில் செய்யக் கூடாது.

இந்த இடத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறைச் சொல்லியே ஆக வேண்டும். டெண்டர் தளத்திலும் ஜெம்மிலும் பதிவு செய்யப் பலரும் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பையன் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று தன்னுடைய இமெயிலையும், சில சமயம் தன் மொபைல் எண்ணையுமே போட்டுவிடுவான். அதன்பின் ஓடிபி, டெண்டர் திருத்த அறிவிப்பு, 'விளக்கம் அளிக்கவும்' என்ற கடிதம் எல்லாம் அந்தப் பெட்டிக்கே போகும். விளக்கம் கேட்டு இரண்டு நாள் அவகாசம் தந்திருப்பார்கள், உங்களுக்குத் தெரியும்போது மூன்றாவது நாள் ஆகியிருக்கும். பட்டறைக்கென்று ஓர் இமெயில், அதன் பாஸ்வேர்டு உங்கள் கையில், உங்கள் ஆதார் இணைந்த மொபைல். டோக்கனையும் சென்டரிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அது உங்கள் கையெழுத்து. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு ஊரார் கையில் யாராவது கொடுப்பார்களா?

எங்கே பதிவது என்பது யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றியங்கள், ஓசூர் மாநகராட்சி, தர்மபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகள் என்று மாநில அரசு சார்ந்த அலுவலகங்களின் இ-டெண்டர்களுக்கு 'டிஎன் டெண்டர்ஸ்' தளத்தைப் பாருங்கள். பாலக்கோட்டிலும் அரூர் அருகே கோபாலபுரத்திலும் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைகளின் டெண்டர்களையும் கண்ணில் வைத்திருங்கள். மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஜெம். ரயில்வேக்கு அதன் சொந்த டெண்டர் தளமான ஐஆர்இபிஎஸ். ரயில்வேயில் நம் பகுதிக்கு ஒரு வேடிக்கை உண்டு. தர்மபுரியும் ஓசூரும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம், மொரப்பூரும் பொம்மிடியும் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். சேலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தர்மபுரி ஸ்டேஷன் வேலைக்கான டெண்டர் கண்ணிலேயே படாது.

கட்டுமான வேலை செய்கிறவர்களுக்கு இவை போதாது. பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை ஒவ்வொன்றிலும் ஒப்பந்ததாரர் பதிவு தனித்தனி. எந்த வகுப்பில் பதிவு கிடைக்கிறதோ அதைப் பொறுத்தே எவ்வளவு மதிப்புள்ள வேலைக்குப் போட்டியிட முடியும். தாசில்தாரிடம் சால்வன்சி எனும் சொத்து மதிப்புச் சான்று வாங்க வேண்டும், இ-சேவை மூலம் விண்ணப்பிக்கலாம். பட்டா கூட்டாக இருந்தால் மற்றவர்களின் சம்மதத்துக்கு அலைய வேண்டிவரும், வில்லங்கச் சான்றையும் முன்பே எடுத்து வையுங்கள். தூய்மைப் பணி, காவலர் போன்ற ஆள் சப்ளை டெண்டர் என்றால் இஎஸ்ஐ, பிஎஃப் எண்கள் கேட்பார்கள். சட்டப்படி இஎஸ்ஐ 10 பேர் முதல், பிஎஃப் 20 பேர் முதல் என்றாலும், எண் இல்லாமல் தொழில்நுட்பக் கவரைத் தாண்டுவது கடினம்.

ஜெம்மில் உற்பத்தியாளர், மறுவிற்பனையாளர் என்ற பிரிவு முக்கியம். குறு, சிறு நிறுவனத்துக்கான முன்னுரிமை தானே தயாரித்த பொருளுக்குத்தான். வேறு கம்பெனி நாற்காலியை வாங்கி விற்றால் உத்யம் இருந்தும் அது உதவாது. விலையில் ஜிஎஸ்டி, லாரி, இறக்குக் கூலி எல்லாம் அடக்கம் என்பதை மறந்துவிட்டு, தேன்கனிக்கோட்டை மலைப் பள்ளிக்கு முப்பது பெஞ்ச் கொண்டுபோக வேண்டிவரும்போது கையைக் கடிப்பது தெரியும். தாமதமானால் வாரத்துக்கு 0.5 சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் பிடிப்பார்கள்.

டெண்டர் போடும் நாளில் கையில் இருக்க வேண்டியவை: பான், உத்யம், ஜிஎஸ்டி சான்று, மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, ஆடிட்டர் தரும் விற்றுமுதல் சான்று, முன்பு சப்ளை செய்த ஆர்டரும் அதை முடித்ததற்கான சான்றும். ஆடிட்டர் சான்றில், அந்தச் சான்றுக்கே உரிய அடையாள எண்ணான யுடிஐஎன் இல்லாவிட்டால் மதிப்பில்லை. இ.எம்.டி.யை ஆன்லைனில் கட்டுவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே கட்டுங்கள், நெட் பேங்கிங்கின் தினசரி வரம்பு கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டு விதிகளின்படி இரண்டு கோடி வரையுள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த 15 நாளில் பதினான்கைப் படிக்காமல் கழிப்பவர்கள்தான் தளம் மெதுவாக இருக்கிறது என்று குறைபடுகிறார்கள்.

விலைப் பட்டியல் எக்செல் கோப்பாக வரும். அதன் பெயரை மாற்றாதீர்கள், வரிசை சேர்க்காதீர்கள், நிறம் காட்டிய கட்டங்களில் மட்டும் நிரப்புங்கள். பெயர் மாறிய கோப்பைத் தளம் ஏற்காது. சதவீத முறை டெண்டரில் 'கூடுதல்', 'குறைவு' என்று தேர்வு செய்யும் இடம் ஒன்று இருக்கும். 5 சதவீதம் குறைவு என்று நினைத்துக் கூடுதலைத் தேர்வு செய்தால் ஆர்டர் போகும், தலைகீழாகச் செய்தால் நஷ்டத்தோடு ஆர்டர் வரும். இரண்டாவதுதான் மோசம், பின்வாங்கினால் இ.எம்.டி. போகும், தடைப் பட்டியலிலும் ஏறலாம். எல்லாம் ஏற்றிய பிறகு 'ஃப்ரீஸ் பிட்' பொத்தானை அழுத்தி ஒப்புகைச் சீட்டை எடுத்தால்தான் டெண்டர் சேர்ந்ததாகக் கணக்கு. ஓடுவது தளத்தின் கடிகாரம், உங்கள் கைக்கடிகாரம் அல்ல. உங்கள் டெண்டரை நிராகரித்த ஆணையை எதிர்த்து மாநிலச் சட்டப்படி மேல்முறையீடு செய்ய, ஆணை கைக்கு வந்ததிலிருந்து 10 நாள்தான்.

ஆர்டர் வந்த பின் பணக் கணக்கு. 3,00,000 ரூபாய் பெஞ்ச், 18 சதவீதம் ஜிஎஸ்டி 54,000, மொத்தம் 3,54,000 என்று பில் போடுகிறீர்கள். ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டியதால் அலுவலகம் ஜிஎஸ்டி டிடிஎஸ் எனும் வரிப் பிடித்தமாக 3,00,000-இல் 2 சதவீதம், அதாவது 6,000 பிடித்துக்கொண்டு 3,48,000 தரும். அந்த 6,000 தொலைந்துபோன பணம் அல்ல. ஜிஎஸ்டி தளத்தில் 'டிடிஎஸ் கிரெடிட்' பகுதியில் ஏற்றுக்கொண்டால் வரி கட்டப் பயன்படும் உங்கள் கேஷ் லெட்ஜரில் விழும். ஏற்றுக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கும் பட்டறைகள் உண்டு. கடினமான பகுதி வேறு. 54,000-இல் உள்ளீட்டு வரியை, அதாவது மூலப்பொருள் வாங்கியபோது கட்டிய ஜிஎஸ்டியை, கழித்து மிச்சத்தை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் நீங்கள் கட்டியாக வேண்டும். அலுவலகத்தின் பில் கருவூலத்தில் தூங்கிக்கொண்டிருந்தாலும் உங்கள் தேதி தள்ளிப்போகாது. காலாண்டு முறைக்கு மாறினாலும் மாதா மாதம் வரியைக் கட்டத்தான் வேண்டும். ஆகவே முதல் ஆர்டரை எடுக்கும்போது, மூன்று மாதம் பணம் வராவிட்டாலும் ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியுமா என்று பார்த்து அளவை வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சுக்குள் பில் போகாவிட்டால் அந்த நிதியாண்டின் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும், பிப்ரவரி கடைசியில் சப்ளை முடியும்படி திட்டமிடுங்கள்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், பொருளை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி வட்டி வீதத்தின் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாக. ஆன்லைனில் புகார் கொடுத்தால், பணத் தகராறைத் தீர்க்கும் வசதிப்படுத்தும் கவுன்சிலுக்குப் போகும், தீர்ப்பை எதிர்க்க நினைக்கும் வாங்குபவர் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இதற்கு உத்யம் பதிவு, ஆர்டர் வாங்குவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பதிந்துவிட்டு உரிமை கேட்டால் வழக்கில் இடறும். இன்னொன்று, 45 நாள் எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு உங்களிடம் உள்ள ஒரே சாட்சி டெலிவரி சலான்தான். பொருள் வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், இறக்கிய நாளையே ஏற்றுக்கொண்ட நாளாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே பெஞ்சுகளை இறக்கியவுடன் சலானில் பெயர், பதவி, சீல், தேதி நான்கும் வாங்காமல் லாரியைக் கிளப்பாதீர்கள்.